பழகிய தீமையும் அதை விடுதலும்: வேதாகம நோக்கு

எத்தியோப்பியர் தம் தோலின் நிறத்தையும் சிவிங்கி தன் புள்ளிகளையும் மாற்றிக்கொள்ள முடியுமானால், தீமை செய்தே பழகிப்போனவர்களும் நன்மை செய்யக்கூடும் என்பது எரேமியா புத்தகம் 13ஆம் அதிகாரத்தில் வரும் கருத்து. தீய பழக்கத்தைப் பற்றி வேதாகமம் சொல்பவற்றில் இதைவிடக் கடுமையானதைக் காண்பது அரிது. மதுவிலக்குக் கூட்டங்களிலும் எழுப்புதல் கூட்டங்களிலும் இது ஒரு குடிகாரரையோ ஒரு சூதாடியையோ சுட்டிப் பேசப்படுவது வழக்கம். நூலிலோ அது தனிமனிதர் எவரையும் நோக்கிச் சொல்லப்படவில்லை. பாபிலோனின் கையில் விழவிருந்த எருசலேம் நகரத்தை நோக்கிச் சொல்லப்பட்டது. பழக்கம் ஏன் மாறுவதில்லை என்ற கேள்விக்கு வேதாகமம் தரும் விடையின் தொடக்கம் இங்கே இருக்கிறது. பழக்கம் ஒருவருடைய உடலிலும் மனத்திலும் மட்டும் குடியிருப்பதில்லை. வீடும் தெருவும் ஊரும் சேர்ந்து அதை வளர்க்கின்றன, காவலும் காக்கின்றன.

எரேமியா தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கியது யோசியா அரசனின் 13ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 627இல். ஐந்தாண்டுகள் கழித்து எருசலேம் ஆலயம் பழுதுபார்க்கப்பட்டபோது நியாயப்பிரமாண நூல் ஒன்று அகப்பட்டது. பிரதான ஆசாரியன் இல்க்கியா அதைச் சம்பிரதி சாப்பானிடம் கொடுக்க, சாப்பான் அரசன் முன் வாசித்தான். அரசன் தன் உடையைக் கிழித்துக்கொண்டான். அதன்பின் நடந்த சீர்திருத்தம் யூதாவின் வரலாற்றிலேயே மிக விரிவானது. ஆலயத்தில் இருந்த விக்கிரகம் கீதரோன் பள்ளத்தாக்கில் எரிக்கப்பட்டது. பிள்ளைகளைத் தீக்கு இரையாக்கிய தோப்பேத், மீண்டும் பயன்படாதபடி தீட்டாக்கப்பட்டது. வழிபாட்டு மேடைகள் இடிந்தன, பெத்தேலின் பலிபீடம் தகர்ந்தது. பயம், அறிவு, அரச அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்து நின்ற அரிய காலம் அது. கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தியப் பார்வோன் நேகோவின் கையில் யோசியா மாண்டான். அவனுக்குப் பின் வந்த மகன் மூன்று மாதமே ஆண்டான். அதற்குள்ளேயே பழைய வழி திரும்பிவிட்டதாக இராஜாக்களின் புத்தகம் பதிவு செய்கிறது.

சீர்திருத்தம் ஏன் உள்ளே இறங்கவில்லை என்பதை எரேமியாவின் 7ஆம் அதிகாரம் ஒரு வீட்டுக் காட்சியாகக் காட்டுகிறது. வானராணி என்ற தெய்வத்துக்குப் பணியாரம் படைக்கும் வழிபாடு அது. பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைகிறார்கள். வீட்டில் ஒருவருக்கும் வேலையில்லாமல் இல்லை. அரசன் அனுப்பிய ஆட்கள் மேடையை இடிக்கலாம். அடுக்களைக்குள் நுழைந்து மாவுத் தொட்டியைக் கவிழ்க்க முடியாது. விறகு பொறுக்கும் வயதிலேயே ஒரு செயல் பழகிவிட்டால் அதைத் தீமை என்று கருதவே வாய்ப்பில்லை. அது குடும்பம் கூடும் வேளை, அம்மாவின் கைமணம், பண்டிகை.

அதே வழிபாடு 44ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வருகிறது. அப்போது எருசலேம் இல்லை, கி.மு. 586இல் நகரமும் ஆலயமும் எரிந்துபோயின. தப்பியவர்களில் ஒரு கூட்டம் எரேமியாவையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனைக்கும் பிறகாவது விடுங்கள் என்று அவர் கேட்டபோது அவர்கள் சொன்ன பதில் வியப்பூட்டுவது. வானராணிக்குப் படைத்த நாள்களில் வயிறார உண்டோம், நலமாக இருந்தோம். நிறுத்தியபின்தான் வாளும் பஞ்சமும் வந்தன என்றார்கள். கணவன்மாருக்குத் தெரியாமலா செய்தோம் என்று பெண்கள் கூடுதலாகக் கேட்டார்கள். பேரழிவு பாடம் புகட்டும் என்ற பொது நம்பிக்கையை இந்த அதிகாரம் உடைத்துவிடுகிறது. வேரூன்றிய பழக்கம் நடந்தவற்றைத் தனக்குச் சாதகமாகவே படித்துக்கொள்ளும். குடியை நிறுத்திய பிறகுதான் உடம்பு கெட்டது என்று சொல்பவரின் தர்க்கமும் இதுதான்.

இதைவிடக் கூர்மையான நிகழ்ச்சி 34ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எபிரெய அடிமையை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஏழாம் ஆண்டில் விடுதலை செய்ய வேண்டும் என்பது மோசேயின் சட்டம். எருசலேமில் அது ஏட்டோடு நின்றிருந்தது. பாபிலோனியர் நகரை முற்றுகையிட்டபோது சிதேக்கியா அரசனும் பிரபுக்களும் திடீரென்று அடிமைகளை விடுவிக்க உடன்படிக்கை செய்தார்கள். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே கடந்துபோய்ச் சத்தியம் செய்தார்கள். ஆண்களும் பெண்களும் விடுவிக்கப்பட்டார்கள். அந்நேரம் எகிப்தியப் படை புறப்பட்டு வருகிறது என்ற செய்தி கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்திச் சென்றனர். மதிலுக்கு வெளியே கூடாரங்கள் மறைந்ததும் விடுவித்த அதே மனிதர்களைப் பிடித்து வந்து மறுபடி அடிமையாக்கிக்கொண்டார்கள்.

இந்தச் சத்தியம் பொய்யாகச் செய்யப்பட்டது என்று நூல் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் செய்தது சரி என்றே எரேமியா ஒப்புக்கொள்கிறார். ஆனால் வீட்டில் தண்ணீர் எடுக்கவும் மாவு அரைக்கவும் ஆள் இல்லாமல் போனால் யார் அந்த வேலையைச் செய்வது என்று எவரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. பயத்தின் மேல் கட்டிய தீர்மானம் பயம் விலகியதும் விழுந்தது. யாத்திராகமத்தில் பார்வோனின் கதையும் இப்படியே போகிறது. பல வாதைகளில் இளகி, வாதை நீங்கியதும் இறுகுகிறான். மருத்துவமனைப் படுக்கையில் எடுக்கப்படும் சபதங்களுக்கு வேதாகமம் தரும் மதிப்பு இவ்வளவுதான்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தை நினைத்து அழுததும் இதே வகை. அவர்கள் ஏங்கியது அரண்மனைக்காக அல்ல. மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், வெங்காயம், வெள்ளைப்பூண்டு ஆகியவற்றுக்காக. சாட்டையடி நினைவில் இல்லை, ருசி நினைவில் இருந்தது. நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்துக் குடிகாரனும் அடிபட்டது தெரியாமல் கிடந்து, விழித்ததும் அடுத்த கிண்ணத்தைத் தேடுகிறான்.

இவ்வளவு தோல்விகளை வரிசையாக எழுதிய எரேமியாவின் நூலிலேயே ஒரு வெற்றியும் இருக்கிறது. 34ஆம் அதிகாரத்து அடிமைகளின் கதையை அடுத்தே, 35ஆம் அதிகாரத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது. காலத்தால் முந்தியதாயிருந்தும் அங்கே வைத்தது வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்க வேண்டும். ரேகாபியர் என்ற குலத்தார் பாபிலோனியப் படைக்கு அஞ்சி எருசலேமுக்குள் வந்து தங்கியிருந்தார்கள். எரேமியா அவர்களை ஆலயத்தின் அறை ஒன்றுக்கு அழைத்து, திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் முன்னே வைத்துக் குடிக்கச் சொன்னார். சொல்பவர் தீர்க்கதரிசி, இடம் ஆலயம், மறுப்பது எளிதல்ல. அவர்கள் மறுத்தார்கள். எங்கள் தகப்பன் யோனதாப் குடிக்கக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார் என்பதே அவர்கள் சொன்ன காரணம். யோனதாப் வாழ்ந்தது யெகூ அரசன் காலத்தில், அதாவது 200 ஆண்டுகளுக்கும் முன்னால்.

யோனதாபின் கட்டளை குடிக்காதே என்பதோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீடு கட்டாதே, விதை விதைக்காதே, திராட்சத் தோட்டம் நாட்டாதே, கூடாரத்தில் வாழ் என்பனவும் அதில் அடங்கும். தோட்டம் இல்லாதவனுக்கு ஆலை இல்லை, ஆலை இல்லாதவன் வீட்டில் குடம் இல்லை. பழக்கம் நுழையும் வழியையே வாழ்க்கை முறை அடைத்துவிட்டது. அதைக் குடும்பம் முழுவதும், மனைவி மக்கள் உட்படச் சேர்ந்து கடைப்பிடித்தது. வானராணிக்குப் பணியாரம் சுட்ட குடும்பத்தையும் ரேகாபியரின் குடும்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தீய பழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்த அதே சக்தி நல்ல பழக்கத்தையும் காத்தது தெரியும். எரேமியா எல்லோரையும் கூடாரத்துக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு மூதாதையின் சொல்லுக்கு இருந்த மதிப்பு கடவுளின் சொல்லுக்கு யூதாவில் இல்லாமல் போனதே என்பதுதான் அவருடைய குறை.

ஆனாலும் ஒழுங்கான ஏற்பாடு மட்டும் போதும் என்று அவர் கருதவில்லை. யூதாவின் பாவம் இரும்பு எழுத்தாணியாலும் வைர நுனியாலும் அவர்களுடைய இருதயப் பலகையில் செதுக்கப்பட்டிருக்கிறது என்று 17ஆம் அதிகாரம் சொல்கிறது. 31ஆம் அதிகாரத்திலோ கடவுளே தம் பிரமாணத்தை இருதயத்தில் எழுதும் நாள் வரும் என்கிறார். செதுக்கியதை அழிப்பது பற்றிப் பேச்சில்லை. எழுதுகிற கை மாறுகிறது. சிவிங்கியின் புள்ளி மாறாது என்ற தீர்ப்பை எழுதியவரே இந்த வாக்குறுதியையும் எழுதியிருப்பதால், இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்கிப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

சுவிசேஷங்களில் இந்தப் பொருளுக்கு மிக நெருங்கி வருவது, வெளியேறிய அசுத்த ஆவி திரும்பி வரும் உவமை. வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டுக் காலியாக இருக்கிறது. போன ஆவி தன்னைவிடக் கொடிய ஏழு ஆவிகளோடு வந்து குடியேறுகிறது. விடுவது மட்டும் போதாது, விட்ட இடத்தில் ஒன்று குடிவர வேண்டும் என்பது இதன் பொருள். லெந்து நாள்கள் நாற்பதிலும் மதுவையும் இறைச்சியையும் தொடாமல் இருந்து, ஈஸ்டர் மதியமே இரண்டையும் சேர்த்து ஈடுசெய்யும் விரதத்துக்கு இந்த உவமை நேரடியாகப் பொருந்தும்.

குடிவரவேண்டியது எது என்பதை எரிகோவின் வரிவசூல் தலைவன் சகேயுவின் கதை காட்டுகிறது. தானாக முன்வந்து அறிக்கையிடும் மோசடிக்காரன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் திருப்பித் தந்தால் போதும் என்கிறது லேவியராகமம். ஆட்டைத் திருடிக் கொன்றவன் அல்லது விற்றவன்தான் நாலத்தனையாகத் தர வேண்டும். சகேயு தன்னைத் திருடர் வரிசையில் நிறுத்தி நாலத்தனை தருவதாகச் சொன்னான். சொத்தில் பாதியையும் ஏழைகளுக்கு எழுதிவைத்தான். இதை அவன் இரகசியமாகச் செய்யவில்லை. முணுமுணுத்துக்கொண்டிருந்த ஊரின் காது கேட்கச் சொன்னான். இனி வரி வசூலிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கணக்கை நினைவூட்ட ஆள் இருப்பார்கள். எபேசியர் நிருபத்தில் திருடனுக்குச் சொல்லப்படும் ஆலோசனையும் இதே போக்கில் அமைகிறது. திருடாதே என்பதோடு முடியாமல், கையால் உழை, அந்தச் சம்பாத்தியத்தில் இல்லாதவனுக்குக் கொடு என்று தொடர்கிறது. எடுத்துப் பழகிய கைக்குக் கொடுக்கும் வேலை தரப்படுகிறது.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 7ஆம் அதிகாரம் இவை எல்லாவற்றையும் அகத்திலிருந்து பேசுகிறது. விரும்பும் நன்மையைச் செய்யாமல் வெறுக்கும் தீமையைச் செய்யும் மனிதனின் புலம்பல் அது. அறிவு குறைவதால் தீமை நிகழ்வதில்லை என்பதில் பவுலுக்கு ஐயமே இல்லை. அங்கே பேசும் ‘நான்’ கிறிஸ்துவை அறியுமுன் இருந்த மனிதனா, அறிந்த பின்னும் தடுமாறும் விசுவாசியா என்ற வாதம் இன்றளவும் ஓயவில்லை. வட ஆப்பிரிக்காவின் ஆயர் அகுஸ்தீனார் ஒருவரே இரு பக்கமும் நின்றிருக்கிறார். 394ஆம் ஆண்டையொட்டி எழுதிய விளக்கத்தில் அது நியாயப்பிரமாணத்தின் கீழ் இருக்கும் மனிதனின் குரல் என்றார். முதுமையில் அது அப்போஸ்தலரின் குரலே என்று மாறினார்.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் அவருடைய சொந்த வாழ்க்கை இருக்கிறது. 397க்கும் 401க்கும் இடையில் எழுதிய தன்வரலாற்றின் 8ஆம் பாகத்தில் பழக்கம் உருவாகும் விதத்தை அவர் சங்கிலியாக விவரிக்கிறார்: கோணிய விருப்பம் இச்சையாகிறது, இச்சைக்குப் பணிந்தால் பழக்கமாகிறது, பழக்கத்தைத் தடுக்காவிட்டால் அது கட்டாயமாகிறது. 386இல் மிலான் தோட்டத்தில் அந்தச் சங்கிலி அறுந்தது. மனமாற்றக் கதைகள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும், அகுஸ்தீனார் நிற்கவில்லை. ஆயராகி, பத்தாண்டுக்கு மேல் கடந்து எழுதும் 10ஆம் பாகத்தில், விழிப்பில் வலுவிழந்த பழைய காட்சிகள் கனவில் வந்து தன்னை வெல்வதை ஒப்புக்கொள்கிறார். விளையாட்டு அரங்கை விட்டாயிற்று. ஆனால் பல்லி ஈயைப் பிடிப்பதைக் கண்டால் வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருப்பதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

அவருடைய நண்பர் அலிப்பியுவின் கதை இன்னும் தெளிவானது. கார்த்தேஜில் ரதப் பந்தயப் பித்துப் பிடித்திருந்த அந்த மாணவர், வகுப்பில் அகுஸ்தீனார் தற்செயலாகச் சொன்ன ஒரு கேலியைத் தமக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு அதை விட்டார். பின்னர் சட்டம் படிக்க ரோமுக்குப் போனபோது, நண்பர்கள் அவரை வாள்வீரர் அரங்குக்கு வலுக்கட்டாயமாக இழுத்துப் போனார்கள். உடல் அங்கிருந்தாலும் மனம் இராது என்று சவால்விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். அரங்கம் ஒரே குரலில் ஆர்ப்பரித்தது, கண் திறந்தது. அடுத்த முறை அவர் தாமாக வந்தார், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு. விட்டதும் ஒருவரின் சொல்லால், விழுந்ததும் பலரின் கூச்சலால்.

அகுஸ்தீனாரோடு கடுமையாக மோதிய பெலாஜியுவும் பழக்கத்தின் வலிமையை மறுக்கவில்லை. தெமெத்ரியா என்ற இளம்பெண்ணுக்கு 413ஆம் ஆண்டையொட்டி எழுதிய கடிதத்தில், சிறு வயது முதல் ஊறிய தீமை இயற்கையைப் போலவே தோன்றும் அளவுக்குப் பிடித்துவிடுகிறது என்கிறார். இயற்கை கெடவில்லை, ஆகவே முயன்றால் மீளலாம் என்பது அவர் கட்சி. முயலும் விருப்பமே கட்டுண்டிருக்கிறது, அருள்தான் அதை அவிழ்க்க வேண்டும் என்பது அகுஸ்தீனார் கட்சி. 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுவின் போதனையைக் கண்டித்தது. இறையியலில் அகுஸ்தீனார் வென்றார். ஆனால் மேடைகளில் இன்றும் பேசப்படுவது பெரும்பாலும் பெலாஜியுவின் அறிவுரையே: மனம் வைத்தால் முடியும்.

அருளை நம்பியவர்கள் அது மனிதர் வழியாக வரும் என்பதையும் கண்டார்கள். 1742இல் பிரிஸ்டல் நகரில், கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காக மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லியின் சங்கம் ஏறத்தாழப் பன்னிருவர் கொண்ட வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. வீடு வீடாகப் போன தலைவர்களின் கண்ணில் பென்னியோடு குடியும் குடும்பச் சண்டையும் பட்டன. வசூல் ஏற்பாடு வாரந்தோறும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் கூட்டமாக மாறியது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமும் இதே வழியில் வந்தது. தொடக்கத்தில் அவர்கள் விரும்பிப் படித்தவற்றுள் யாக்கோபின் நிருபம் ஒன்று; குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படி சொல்வது அந்நிருபம். தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது அவ்வியக்கத்தின் பன்னிரு படிகளில் ஐந்தாவது.

தனிமனிதக் குடியைவிட விடுவதற்குக் கடினமானது, ஒரு சமூகமே பழக்கம் என்று உணராத பழக்கம். யோப்பாவில் மூன்று முறை தரிசனம் கண்டு, புறஜாதியாரான கொர்நேலியுவின் வீட்டுக்குள் துணிந்து போனவர் பேதுரு. ஆண்டுகள் கழித்து அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு உண்டுகொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்லப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். மற்ற யூதரும் விலகினர். பர்னபாவும் அவர்கள் பக்கம் இழுபட்டார். பேதுருவின் கொள்கை மாறவில்லை. பக்கத்தில் இருப்பவர் மாறியதும் கை பழைய இடத்துக்குப் போய்விட்டது. பவுல் அவரைத் தனியே அழைத்துப் பேசவில்லை. எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

தமிழ்த் திருச்சபைகளுக்கு இந்த நிகழ்ச்சி அந்நியமானதல்ல. ஆலயத்தில் சாதிவாரி இருக்கையும் நற்கருணையில் முன்பின் வரிசையும் ஒழிய வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அதற்கு முன்பே, பக்திக் கீர்த்தனைகளால் பெயர்பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார் சாதி திருத்தலை எதிர்த்து 1829இல் ஒரு நூலே எழுதியிருந்தார். பக்திக்குக் குறைவில்லாத ஒருவரிடம் பழக்கம் எவ்வளவு பத்திரமாகக் குடியிருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வடக்கன்குளத்தில் இரு சாதியாரைப் பிரித்துவைக்க ஆலயத்துக்குள் இருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டின் சில பங்குகளில் இன்றும் இருக்கின்றன. அந்தியோகியாவில் பவுல் கேட்டதுபோல, அவற்றைப் பற்றிச் சபை கூடியிருக்கும் வேளையில் எழுந்து நின்று கேட்கும் பொறுப்பு வெளியூர்ப் பிரசங்கியாருடையது அல்ல. அந்தப் பங்கிலேயே பிறந்து, அந்தத் தோட்டத்திலேயே இடம் வைத்திருப்பவர்களுடையது.